நாற்பத்தாறும் சரியாக இருந்தன

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதம். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்த நாட்கள். என் மருமகளுக்கு மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் அக்கா, "இவ உடம்புலதான் கோளாறு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டாள். மருமகள் மறுபேச்சில்லாமல் சுற்றினாள். அடுத்ததாக மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சு வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

வேலூர் டாக்டர் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொன்னார். மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. மகனுக்கு இருந்தது. அது பரம்பரையா என்று அறிய, என் மனைவி காலமாகிவிட்டதால், என் இரத்தத்தை எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் என் குரோமோசோம்களின் படத்தைக் காட்டினார். உடம்பெல்லாம் பட்டை போட்ட சின்னப் புழுக்கள் போல, பெரியதில் தொடங்கிச் சிறியதுவரை ஜோடி ஜோடியாக நின்றன. எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

"நாற்பத்தாறு. சரியா இருக்கே டாக்டர்."

"எண்ணிக்கை சரிதாங்க. நீளத்தைப் பாருங்க. இந்த ரெண்டோட நுனியும் உடைஞ்சு, இடம் மாறி ஒட்டிக்கிச்சு. மொத்தத்துல எதுவும் குறையாததால உங்களுக்கும் பையனுக்கும் ஒண்ணும் தெரியல. பிள்ளைக்குப் போறப்ப சில நேரம் ஒரு துண்டு ஜாஸ்தியாவும் ஒரு துண்டு கம்மியாவும் போயிடுது. அந்தக் கரு நிக்கிறதில்ல."

அடுத்த பௌர்ணமிக்கு அக்கா வந்து மருமகளைக் கிளம்பச் சொன்னாள்.

"குறை என்கிட்டருந்து வந்ததுக்கா. அவளை விட்டுடு" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இனிமே நீ சுத்துடா."

மருமகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று. "மாமாவுக்கு முட்டி வலி. முடியலன்னா ஆட்டோ வெச்சுக்கலாம், நானும் வரேன்" என்றாள்.

அன்றிரவு மலை சுற்றும் கூட்டத்தோடு செங்கம் சாலையில் நடக்கும்போது, "எல்லாம் என்னாலதானேம்மா" என்று புலம்பினேன்.

"உங்களாலதானே மாமா அவரும் வந்தாரு. அவரை வேணாம்னா சொல்றேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தைக்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்னும் காத்திருக்கிறோம். என் உடம்பின் ஒரு துணுக்குகூட அவளிடம் இல்லை. ஆனாலும் அந்தக் கை பிடித்ததிலிருந்து, எனக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டால் நான் மருமகளைத்தான் சொல்கிறேன்.