மலையம்மாள் வண்டிக்குக் குழாய் மாட்டிய கதை

மலையம்மாளுக்கு யாரையும் பிடிக்காது என்று திருவாதவூரில் சொல்வார்கள். அது அபாண்டம். அவளுக்குத் தன் வண்டியைப் பிடிக்கும். மனிதர்களில்தான் அவள் வாய்க்குத் தப்பியவர் கிடையாது. டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது; பூக்கடைக்காரனுக்குக் கண் தெரியாது; பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் பக்கமே போன அடையாளம் தெரியாது. கூடப் பிறந்த தம்பி அழகுராஜாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் வராது. மூக்கால் ஒரு மூச்சு விடுவாள், அவ்வளவுதான். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

அந்தத் திமிருக்கு நியாயம் இருக்கத்தான் செய்தது. அப்பனும் ஆத்தாளும் பிறத்தியார் தோட்டத்தில் மல்லிகை பறித்தவர்கள். வேலிக்கு வெளியே நின்று கூலி வாங்கி, வேலிக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்தவர்கள். எட்டு வயதில் இவளும் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கியவள்தான். முப்பத்தெட்டாவது வயதில், கோழி ஏற்றிக்கொண்டிருந்த பழைய மினி லாரி ஒன்றை வாங்கி, கழுவிக் கழுவி நாற்றம் போக்கி, லைசென்ஸ் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு போய் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிறுத்தினாள். இன்றைக்கு இருபத்தாறு தோட்டத்துப் பூ அவள் வண்டியில்தான் போகிறது. அன்றைக்கு வேலிக்கு வெளியே நிறுத்திய வீட்டுக்காரர்களே விடிந்ததும் போன் போட்டு, எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார்கள். வேறு எந்தச் சுகமும் அவளுக்கு இதற்கு ஈடில்லை.

அப்பேர்ப்பட்ட வண்டி போன சித்திரையில் இருமத் தொடங்கியது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாயில் விரிசல். புகை கேபினுக்குள் வந்து கண்ணைக் கரித்தது. மேடு ஏறும்போது வண்டி முனகியது. ஒத்தக்கடை மெக்கானிக் மொக்கையன் இரண்டு தடவை வெல்டிங் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே சாமான் புதிதாக வாங்கலாம் என்றால் அந்த மாடலே நின்றுபோய் வருசக்கணக்காகிறது. இதற்கிடையில் விக்ரம் என்று ஓர் இளவட்டம், புது வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் இவள் வண்டி படுத்தால் போதும், இருபத்தாறில் பாதி அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் அழகுராஜா யோசனை சொல்ல வந்தான். செல்போன் கடை வைத்து மூடியவன், ஆடு வாங்கி நோய்க்குக் கொடுத்தவன், இப்போது அக்கா வண்டியில் மூட்டை தூக்குகிறான். மிச்ச நேரமெல்லாம் போனில் வண்டி வீடியோ. சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் ஹெட்டர் என்று ஒரு புகைக்குழாயைப் பார்த்து வைத்திருந்தான்.

"அக்கா, நாலு குழாயும் தனித்தனியா வந்து கடைசியில ஒண்ணாச் சேரும். புகை முட்டாது. இழுவை எம்புட்டுக் கூடும் தெரியுமா?"

"நாலு ஆட்ட உசுரோட வச்சுக்கத் தெரியல. நீ எனக்கு இழுவையப் பத்திப் பேச வந்துட்ட."

ஆனால் வேறு வழியில்லை. வாங்கி வரச் சொன்னாள்.

மறுநாள் காலைப் பூவை இறக்கிய கையோடு வண்டி மொக்கையன் பட்டறைக்குப் போனது. பழைய குழாயை இன்ஜினோடு பிடித்திருந்த துருவேறிய ஸ்டட்டுகளில் டீசலை ஊற்றி ஊற வைத்தும், கழற்றும்போது இரண்டு முறிந்து உள்ளேயே நின்றுவிட்டன. முறிந்த துண்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, சூடு ஆறுவதற்குள் திருகி எடுத்தார் மொக்கையன். மலையம்மாள் கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்கார்ந்து, அவர் பிடிக்கிற ஸ்பானரிலிருந்து குடிக்கிற டீ வரை குறை சொல்லிக்கொண்டிருந்தாள். புகை கசியாமலிருக்க நடுவில் பேக்கிங் வைத்து ஹெட்டரை ஏற்றியதும், நடு நட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான் அழகுராஜா.

"பரவாயில்லையே, தம்பிக்கு வேலை பிடிபடுதே!" என்றார் மொக்கையன்.

மலையம்மாள் மூக்கால் மூச்சு விட்டாள்.

ஹெட்டர் வேறு ஏதோ வண்டிக்குச் செய்தது. இன்ஜினோடு பொருந்தியதே தவிர, அதன் வாய் பழைய சைலன்சர் இருந்த பக்கம் வரவில்லை. மொக்கையன் யோசித்து, குழாயைக் கேபினுக்கும் பூ ஏற்றுகிற பின்தொட்டிக்கும் நடுவே மேலே திருப்பிவிட்டார். தொட்டியின் முன்தகட்டுக்கும் குழாய்க்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை.

"அண்ணே, தகடு கொதிக்குமே" என்றான் அழகுராஜா.

"கொதிக்கத்தான் செய்யும். நாளைக்கு மத்தியானம் கொண்டாங்க, நடுவுல மறைப்பு அடிச்சுத் தாரேன். காலைல ஒரு நடைக்கு மட்டும் முன்னால இடம் விட்டு அடுக்கிக்கங்க."

விடியற்காலையில் வண்டி தெருவையே எழுப்பிவிட்டுக் கிளம்பியது. "வண்டியா இது, கொட்டு மேளமா?" என்று தம்பியைக் கேட்டாள். உள்ளுக்குள் சந்தோசம்தான். கண் கரிக்கவில்லை, கண்மாய் மேட்டில் கியர் இறக்க வேண்டியிருக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவள் மலையம்மாள் இல்லையே.

முதல் தோட்டம் முத்துமீனாவுடையது. மூட்டையை வேலியோரம் வைத்துவிட்டு அவள் செடிக்குள் திரும்பிவிட்டாள். மூட்டையை முன்தகட்டோடு ஒட்டி வைக்கச் சொன்னாள் மலையம்மாள்.

"அக்கா, மொக்கையண்ணே இடம் விடச் சொன்னாருல்ல?"

"இருபத்தாறு தோட்டத்துப் பூவு ஏறணும். உன் தலையிலயா அடுக்குறது? ஈரச் சாக்க எடு."

"ஈரச் சாக்கு வேணாம்க்கா. தகடு கொதிச்சா ஆவி அடிக்கும். உள்ள இருக்கிறது மொட்டு, விரிஞ்சுரும்."

"டேய், நான் பூவுக்குள்ள பொறந்தவ. மொட்டு வெக்கைக்கு வாடாம இருக்க ஈரச் சாக்குப் போடணும்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீ எனக்குச் சொல்லித் தாரியா?"

அவளே ஏறினாள். மூன்று சாக்குகளை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல், முன்தகட்டை மூடித் தொங்கவிட்டாள். வெக்கை என்றால் ஈரம். நாற்பது வருசமாகத் தோட்டத்தில் அதுதான் வைத்தியம். அந்த வெக்கை மேலே இருக்கிற சூரியனிடமிருந்து வருவது, இது இன்ஜினிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், சொன்னவன் அழகுராஜாவாக இல்லாமலிருந்தால்.

மார்க்கெட்டில் தார்ப்பாயை அவிழ்த்ததுமே வாசனை வந்தது. மொட்டுக்கு இவ்வளவு வாசனை கிடையாது. பூத்த மல்லிகைக்குத்தான் உண்டு. முன்வரிசையில் ஒன்பது மூட்டை; குழாய்க்கு நேராக இருந்தவை இட்லிச் சட்டியில் வைத்த மாதிரி வெந்து பழுப்பேறியிருந்தன. மற்றவை வாயைத் திறந்துவிட்டன. கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இத ஊதுபத்திக்குக்கூட எடுக்க மாட்டாங்க" என்று கீழே போட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது செய்தி முந்திக்கொண்டுவிட்டது. மூட்டை கெட்ட ஒன்பது பேரும் ரோட்டோரம் நின்றார்கள். சற்றுத் தள்ளி, பைக்கில் சாய்ந்தபடி விக்ரம். முத்துமீனாதான் கேட்டாள்.

"ஏன் மலையம்மா, உன்ன நம்பித்தான ஏத்திவிட்டோம்? சூட்டுக் குழாய்ப் பக்கம் ஈரச் சாக்கப் போட்டது எந்தக் கூறுகெட்ட ஆளு?"

மலையம்மாள் வாயைத் திறந்தாள். இருபத்தாறு தோட்டமும் அந்த வாயில் வந்து அடைத்துக்கொண்டது.

"நான்தான் மதினி" என்றான் அழகுராஜா. "குழாய் நான் வாங்குனது. அடுக்குனதும் நான். அக்கா அப்பவே சொல்லுச்சு, நான்தான் கேக்கல."

ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்கள்? இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை வருசமாக ஊருக்கே சொல்லி வைத்தவள் அவள்தானே. முத்துமீனா அவனை மேலும் கீழும் பார்த்து, மூக்கால் ஒரு மூச்சு விட்டாள்.

"இனி இவன் உன் வண்டியத் தொட்டான்னா எங்க பூவு உனக்கு இல்ல. என்ன சொல்ற?"

எல்லாரும் மலையம்மாளைப் பார்த்தார்கள். தம்பி மட்டும் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தொட மாட்டான்" என்றாள் மலையம்மாள்.