தொழில் இல்லை என்று நான் போட்ட கையெழுத்து

எண்பத்தைந்தாம் ஆண்டு, குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய நேரம். பாரிஸில் லா சப்பல் பக்கம் அப்போது நம்மவர் கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அதில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் கிடக்கும். பாரிஸுக்கு வந்த புதிதில் அந்த மேசையில் வைத்துத்தான் என் தொழிலை நானே அழித்தேன். அந்த வசந்தத்தில் அதே மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்துத்தான் அதைத் திரும்ப எடுக்கத் தொடங்கினேன்.

நான் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் தாதிப் பயிற்சி முடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை செய்தவள். வார்ட்டில் எல்லோருக்கும் நான் மிஸி. ஊர் நிலைமை கெட்டதும் கணவரும் நானும் கைக்குழந்தையோடு புறப்பட்டு வந்தோம். அகதி விண்ணப்பப் படிவம் பிரெஞ்சில் இருந்தது. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தக் கடைக்குப் போங்கள், அங்கே ஒரு அண்ணை எல்லோருக்கும் நிரப்பிக் கொடுக்கிறார் என்றார்கள்.

ஐம்பதை நெருங்கிய மனிதர். கடையில் மூட்டை தூக்குவார், ஓய்ந்த நேரத்தில் மேசையில் உட்கார்ந்து படிவம் எழுதுவார். உருண்டை உருண்டையாக அழகான எழுத்து. ஊரில் அவர் என்ன செய்தவர் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து "தாதி" என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, அரசாங்க உத்தியோகம் எண்டு போட்டால், சம்பளம் தந்த அரசாங்கத்துக்கு ஏன் பயந்து ஓடி வந்தனீங்கள் எண்டு கேப்பாங்கள். தொழில் இல்லை எண்டு போடுவம்."

அன்றைக்கு லா சப்பலில் எல்லோரும் நம்பிய கதை அது. எங்களோடு ஒரே வீட்டில் இருந்த கணக்கு வாத்தியார் படிவத்தில் மீன்பிடித் தொழிலாளி. கடலில் கால் நனைத்தாலே அவருக்குத் தடிமன் பிடித்துத் தும்மல் வரும். கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்த என் கணவர் தோட்டக்காரர் ஆனார். வீட்டில் ஒரு மிளகாய்க் கன்றுக்குக்கூட அவர் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். சில மாதங்களில் அகதி அட்டை கிடைத்தது. அந்தப் பொய்யால் கிடைத்ததா, பொய் இல்லாமலே கிடைத்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு பாரிஸை ஒட்டிய சார்செல்லில் ஒரு அடுக்குமாடியில் வீடு எடுத்தோம். எனக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை. மருந்து வாசனை பழகிய மூக்கு என்பதால் ஏதோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது, கையில்தான் ஊசிக்குப் பதிலாகத் தும்புத்தடி. ஒரு நாள் காலையில் ஒரு அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்த கிழவர் முனகினார். பார்த்தால், சேலைன் ஊசி நரம்பை விட்டு விலகி, நீர் தோலுக்கடியில் இறங்கி, முழங்கைக்குக் கீழே கை பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. திரும்ப அழுத்தினேன். பிறகு சேலைன் குழாயின் பூட்டை விரலால் உருட்டி மூடிவிட்டு, வாசலில் நின்று கத்திக் கூப்பிட்டேன்.

தலைமைத் தாதி வந்து பார்த்தார். ஊசியைக் கழற்றினார். நல்லது செய்தோம் என்று நானும் தடியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். மூன்றாம் நாள் என்னை வேலைக்கு அனுப்பிய துப்புரவு நிறுவனத்திலிருந்து பதிவுத் தபாலில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எந்தத் தகுதியும் இல்லாத ஒருவர் நோயாளியின் சிகிச்சைக் கருவியைத் தொட்டது பாரதூரமான குற்றம் என்று இருந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி அவர்கள் எழுதியது சரிதான். ஆனால் எந்தத் தகுதியும் இல்லாத என்ற சொற்களை வாசித்தபோது எனக்குக் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது. கடிதத்தைக் கிழிக்கவில்லை. சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

அதே மாதம் லண்டனிலிருந்து என் தோழியின் கடிதமும் வந்தது. பயிற்சிக் கல்லூரி விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி. ஒரே வருடம், ஒரே பரீட்சை, ஒரே சான்றிதழ். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சில மாதம் மேற்பார்வையில் வேலை செய்துவிட்டு, பதிவு பெற்ற தாதி ஆகிவிட்டாளாம். ஒரு கடலைத் தாண்டினால் அந்தக் காகிதத்துக்கு மரியாதை, தாண்டாவிட்டால் தும்புத்தடி. படிக்கும்போது இந்தப் படிப்பு எந்த நாட்டில் செல்லும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, கல்லூரியில் யாரும் சொல்லவும் இல்லை.

லீவு எடுத்துக்கொண்டு, மருத்துவத் தொழில்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகவே விளக்கினார். பிரெஞ்சு அரசு டிப்ளோமா இல்லாமல் இங்கே யாரும் தாதியாக முடியாது. ஆனால் வெளிநாட்டில் படித்தவர் நுழைவுப் பரீட்சை எழுதினால், முதல் வருடத்தைக் கழித்துத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதற்கு அந்தக் கல்லூரி உண்மையானது, இத்தனை மணி நேரம் பாடம், இத்தனை மணி நேரம் வார்ட் என்ற அத்தாட்சி வேண்டும். உங்கள் நாட்டுத் தூதரகத்தில் வாங்கி வாருங்கள் என்றார். அகதி அட்டை வைத்திருப்பவர் தன் நாட்டுத் தூதரகப் படியை மிதித்தால் அட்டை போய்விடும் என்றேன். அப்படியானால் தூதரகத்துக்குப் பதிலாக அகதி அலுவலகம்தான் தர வேண்டும் என்றார்.

அகதி அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரி என் கோப்பைத் திறந்து, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். உருண்டை எழுத்தில், தொழில் இல்லை. கீழே என் கையெழுத்து. அன்றைக்கு எழுதியது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்டார். பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்று எழுதிக் கொடுப்பது. வீட்டில் சொன்னதும் கணவர் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"இஞ்சேரும், உமக்கு விசரே? அகதிக் காரியாலயத்துக்கே பொய் சொன்னனான் எண்டு எழுதிக் குடுக்கப் போறீரோ? உம்மடை அட்டை மட்டும் போகாது, என்ரையும் பிள்ளையின்ரையும் சேத்துத்தான் போகும்."

அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் சுவரில் அந்தக் கடிதம் ஒட்டியிருந்ததே. அதைக் காட்டி, "இதை நான் சாகுமட்டும் வாசிச்சுக்கொண்டிருக்க ஏலாது" என்றேன்.

சனிக்கிழமை லா சப்பல் கடைக்குப் போய் அண்ணையின் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் எழுதியதை நீங்கள்தான் மாற்றி எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, இந்த மேசையிலை இருந்து எத்தினை பேருக்கு எழுதியிருக்கிறன் தெரியுமே? ஒண்டை இழுத்தால் எல்லாம் சேந்து வரும். அவையின்ரை பிள்ளை குட்டியளை யோசிச்சனீங்களே?"

அது என்னைச் சுட்டது. என் குடும்பம் மட்டும்தான் இதில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் விடவில்லை. "ஒருத்தற்றை பேரும் வராது அண்ணை. பேனை உங்கடை, கையெழுத்து என்ரை. நான் போட்டதுக்கு மட்டும் நான் பொறுப்பு" என்றேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு மூட்டை அடுக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் வாங்கிய பருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் அகராதியை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். பதினொரு வரி. வந்து சில நாளே ஆன பயத்தில் பொய் சொன்னேன், இதற்கு நானே பொறுப்பு, நான் தாதி, என் சான்றிதழ் உண்மை. பிரெஞ்சு என்ற பெயரில் ஏதோ ஒன்று.

அடுத்த சனிக்கிழமை பருப்பு வாங்கப் போனபோது அண்ணை கூப்பிட்டார். எழுதியாயிற்றா என்று கேட்டு, கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நான் ஊரிலை பதினொரு வருசம் ஆஸ்பத்திரி மருந்துக் கலவையாளர். என்ரை படிவத்திலை வயல் செய்யிற கமக்காரன். முதல் முதல் எழுதின படிவம் அதுதான்."

எத்தனையோ வருடமாக எங்கள் எல்லோருடைய தொழிலையும் பேனையால் அடித்துக்கொண்டிருந்த மனிதர், முதலில் அடித்தது தன்னுடையதை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என் பதினொரு வரியையும் நல்ல பிரெஞ்சில் எழுதத் தொடங்கினார். அதே உருண்டை எழுத்து. அண்ணை, பழைய தாளையும் இதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் எழுதியது என்று தெரிந்துவிடுமே என்று தடுத்தேன்.

"தெரியட்டும்" என்றார். எழுதி முடித்து, மை காயும்வரை ஊதிக் கையில் கொடுத்தார்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். எழுதத் தெரிந்த ஒருவர், சொன்னது நான், கையெழுத்து என்னுடையது என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். கோப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சுவரில் இருந்த வெளியேறும் வழிப் பலகையை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. திரும்பி வந்து, இந்தக் கடிதம் உங்கள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும், நீங்கள் பொய் சொன்னவர் என்பதும் அதில் என்றும் இருக்கும் என்றார்.

"இருக்கட்டும். நான் தாதி என்பதும் அதே கோப்பில் இருக்கும்" என்றேன். என் பிரெஞ்சு அன்றைக்குத்தான் ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

கல்லூரி உண்மையானதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நான் எழுதிக் கேட்டு, லண்டன் தோழி அனுப்பியிருந்த காகிதத்தை நீட்டினேன். அவளைப் பதிவு செய்தபோது, எங்கள் பயிற்சியின் பாட மணிகளையும் வார்ட் மணிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்து அந்த நாட்டார் கொடுத்த பத்திரம் அது. மூன்று வாரத்தில் அத்தாட்சி தபாலில் வந்தது. யாருடைய அட்டையும் போகவில்லை. கணவர் அதை வாசித்துவிட்டு, சுவரில் இருந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கழற்றப் போனார். டிப்ளோமா வரட்டும் என்று தடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராக நடந்தது என்று நினைக்காதீர்கள். நுழைவுப் பரீட்சையில் முதல் தரம் பிரெஞ்சில் விழுந்தேன். அடுத்த வருடம் எழுந்தேன். பத்தொன்பது வயதுப் பெண்களோடு இரண்டு வருடம், காலையில் துப்புரவு, பிறகு வகுப்பு. எண்பத்தொன்பதில் டிப்ளோமா கிடைத்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கித் தந்த அந்த மருத்துவமனையிலும் அப்போது ஆள் எடுத்தார்கள், நான் விண்ணப்பிக்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

டிப்ளோமாவை அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முத்திரையில் இருந்த எழுத்தைக்கூட விடாமல் வாசித்தார். அதற்குள் கணக்கு வாத்தியார் முதல் இன்னும் சிலருக்கு அவர் அதே மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். உங்களுடைய கடிதம் எப்போது என்று கேட்டேன். மருந்தாளர் உரிமத்துக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும், எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பல வருடங்கள் கழித்து அவர் காலமானார். இறப்பைப் பதிய, நகரமன்றத்துக்கு அவர் மகனோடு நானும் போனேன். எழுத்தர் பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்து, தொழில் என்று நிமிர்ந்தார். மகன், கடையில் என்று வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டு, மருந்தாளர் என்றேன். எழுத்தர் அப்படியே தட்டினார். அறிவித்தவர் என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அத்தாட்சி எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டேன். பிரான்சில் இதுவரை எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முதல் படிவத்தில் போட்டதற்கு நான் பட்ட வெட்கம் தீர்ந்தது அந்தத் தாளில் போட்டபோதுதான்.