சாந்தி மேசையைச் சுற்றிய மத்தியானம்

கையுறைப் பவுடர் வாசனை... எத்தனை முறை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் பில்லியர்ட்ஸ் ஆடப் போவோம்.

ஈப்போவில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில், கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை கிடந்தது. பச்சைத் துணியெல்லாம் தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், சிந்திய கறை. பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கும் சாந்திதான் ஆட்டத்திலும் என் ஜோடி. நன்றாக ஆடுவாள். ஆனால் சட்டென்று அடிக்கவே மாட்டாள். மேசையைச் சுற்றி வருவாள், குனிவாள், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள்.

நான் அடிக்க வேண்டியதற்கும் அவள்தான் நடப்பாள்...

அந்த வருடம் தொழிற்சாலை விழாவில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். ஜெயிக்கும் ஜோடி பினாங்குக் கிளையோடு ஆடப் போகலாம். கடற்கரை ஹோட்டலில் தங்கலாம். நாங்கள் இரண்டு பெண்களும் அதுவரை எந்த ஹோட்டலிலும் படுத்ததில்லை. எதிரே ஸ்டோர் அண்ணன்கள் இரண்டு பேர்.

ஜோடி ஆட்டத்தில் நான் ஒன்று அடித்தால் அடுத்தது அவள் அடிக்க வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்தது சிவப்பு, மஞ்சள், பிறகு கடைசியாகக் கறுப்பு. சிவப்பு மூலைக் குழியின் வாயிலேயே இருந்தது. மஞ்சளோ ஓரத்தில், அண்ணன்களின் நீலப் பந்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

என் முறை. சிவப்பை மெதுவாகத் தட்டிவிடலாம் என்று குனிந்தேன்.

"நில்லு லா," என்றாள் சாந்தி.

மெதுவாகத் தட்டினால் சிவப்பு விழும், சரி, அப்புறம் அந்த மஞ்சளைத் தான் எப்படிப் போடுவது என்று கேட்டாள். ஓங்கி அடித்தால் சிவப்பைப் போட்ட வெள்ளைப் பந்து அப்படியே ஓடி மஞ்சளையும் நீலத்தையும் பிரித்துவிடுமாம். ஓங்கி அடித்தால் சிவப்பே தவறிவிடும் என்றேன் நான். அவள் இன்னொரு சுற்று நடந்தாள். குனிந்தே நின்று எனக்கு இடுப்பு வலித்தது. நடுவராக நின்ற சூப்பர்வைசர், "செப்பாட் லா," என்று கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தினார்.

அந்த எரிச்சலில் ஓங்கியே அடித்தேன்.

சிவப்பு விழுந்தது. வெள்ளை ஓடிப்போய் மஞ்சளைப் பிரித்தது. மஞ்சள் உருண்டு வந்து நடுக்குழிக்கு நேராக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்...

அதற்கும் ஒரு சுற்று நடந்தாள்.

போட்டாள். இனி கறுப்பு மட்டும்தான். என் காதருகே வந்து, "மெதுவா அடி, வெள்ளைய நிறுத்தி..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருக்கியா?"

அடித்தேன். கறுப்பு விழுந்தது. அதன் பின்னாலேயே வெள்ளையும் விழுந்தது. வெள்ளை விழுந்தால் ஆட்டம் போச்சு.

நான் மெதுவாகத்தான் அடித்தேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் கம்பெனி பஸ்ஸில் சிம்பாங் பூலாய் வரும்வரை அவள் முன் இருக்கையின் முதுகில் விரலால் கோடு போட்டு, வெள்ளை எங்கே நின்றிருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்தாள். இறங்கி நடந்தே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

இப்போது அவள் தெலுக் இந்தானில் இருக்கிறாள். போன மாதம் ஈப்போ வந்தபோது ஒரு மாலில் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். ஏர்கோன், புதுத் துணி, சுற்றிலும் சின்ன வயசுப் பிள்ளைகள்.

சாந்தி கோலை எடுத்தாள், குனிந்தாள், அடித்தாள். பந்து எங்கோ போனது. அடுத்த முறையும் அப்படியே.

"என்னாடி, பாக்காமலே அடிக்கிற?"

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், மகளுக்கு நைட் ஷிப்ட், பேரனுக்கு ஸ்கூல்... யார எப்ப எங்க கூட்டிட்டுப் போறதுன்னு யோசிச்சே மண்ட காயுது. இங்கயுமா யோசிக்கணும்?"

அந்த வயதில் எங்களுக்கிருந்த பெரிய குழப்பமே ஒரு மஞ்சள் பந்துதான்...

எனக்கு அன்றைக்கு வந்ததைவிட அதிக எரிச்சல் வந்தது. அவள் மீது இல்லை. அடிக்கப் போனவளின் கோலைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவசரம் ஒன்னும் இல்ல. ஒரு சுத்து நடந்து பாத்துட்டு அடி."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.