தாய்மாமன் சீராகப் போன என் சோபா

ரப்பர் பசையின் அந்த நெடி... டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறி, தலை கிறுகிறுக்கும். ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீட்டில், ஆறு ஞாயிற்றுக்கிழமை அந்த நெடியோடுதான் சோறு தின்றோம். சோபா செய்துகொண்டிருந்தேன்.

அப்போது கார் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. நாள் முழுக்க யாரோ உட்காரப்போகும் சீட்டுக்குத் தைப்பேன். வீட்டுக்கு வந்தால் நான் உட்காரத் தரைதான்.

மூக்கண்டப்பள்ளி காயலான் கடையில் ஒரு சோபா கிடந்தது. ஏதோ கம்பெனி ரிசப்ஷனில் இருந்து கழித்துப்போட்டது. ரெக்சின் கிழிந்து, ஃபோம் பொடியாகக் கொட்டியது. ஆனால் கட்டை தேக்கு. தட்டிப் பார்த்தாலே தெரிந்தது.

பழைய ஆணிகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். நகம் பெயர்ந்தது. சீட்டுக்கு அடியில் அறுந்த நாடாவுக்குப் பதில் புதுநாடா இழுத்துக் கட்டி, மேலே புது ஃபோம் ஒட்டினேன். எக்ஸ்போர்ட் கம்பெனி மிச்சத்துணி கிலோ கணக்கில் விற்பார்களே, அதில் பச்சைத் திரைத்துணி கிடைத்தது. ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங். வீட்டு மெஷினில் ஊசி மேல் ஊசியாக உடைந்தது... விடவில்லை.

அடிக்கட்டையில் கம்பெனிக்காரர்கள் வெள்ளை பெயிண்டில் நம்பரும், சிவப்பில் ‘ஸ்கிராப்’ என்றும் எழுதியிருந்தார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கவிழ்த்துப் போட்டு யார் பார்க்கப்போகிறார்கள் என்று கறுப்புத் துணியை அடித்து மூடிவிட்டேன்.

முடித்துவிட்டு அதில் உட்கார்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பேரிகை என்ற ஊரில் இருந்து என் வீட்டுக்காரரின் அக்கா ஸ்டெல்லா அண்ணி வந்தார். உட்கார்ந்து, தடவிப் பார்த்து, “எந்தக் கடையில எடுத்த தம்பி?” என்று கேட்டார்.

இவர் கூசாமல் சொன்னார். “பெங்களூர் ஷோரூம்க்கா.”

நான் கையில் காபி டம்ளரோடு நிற்கிறேன். அண்ணி போன பிறகு கேட்டதற்கு, “காயலான் கடைன்னு சொன்னா நம்மள இன்னா நெனப்பாங்க?” என்றார். என் கைவேலை இவருக்கு அவமானமாம்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வருடம் அண்ணி மகள் ஜெசிக்குக் கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. தாய்மாமன் சீர் செய்யவேண்டிய ஆள் இவர்தான். அண்ணி அவராகவே கேட்டார். “புதுசா ஒண்ணும் வாங்காத தம்பி. அந்த ஷோரூம் சோபாவையே குடுத்துடு. புதுசாட்டந்தான இருக்குது.”

அன்று இரவே நான் கெஞ்சினேன். “அண்ணிகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போற பொருளு.”

“சும்மா இரு. யாருக்குத் தெரியப்போவுது?”

மினி டெம்போவில் ஏற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்து, மேலே ரோஜா மாலையும் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் பெங்களூர் சோபா, பெங்களூர் சோபா என்றார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க மாப்பிள்ளை வீட்டில் சோபாவைக் கவிழ்த்திருக்கிறார்கள். கறுப்புத் துணி கிழிந்தது. சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளே அதை வண்டியில் ஏற்றி, பேரிகையில் அண்ணி வீட்டு வாசலில் தெருவே பார்க்க இறக்கிவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கு போன் வந்தது. ஓடினோம். அண்ணி இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் தைக்கிறவள் நான்தானே, என்னைத்தான் பார்த்தார்.

“ஏம்மா, வாழப்போன இடத்துல எம்பொண்ணு தலைநிமிர வேணாமா? குப்பையத் தெச்சா அனுப்பின?”

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“எனக்கே தெரியாதுக்கா. பெங்களூர் கடைன்னு இவதான் எங்கிட்ட சொன்னா.”

அதே வாய். அதே பொய். என் தலையில் தூக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருக்கவேண்டும். வீட்டுக்காரரைச் சபையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேனே... என் மேலேயே எனக்குத் தீராத கோபம் அதுதான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் ஏமாற்றுக்காரி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் வைக்கும் தட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சோபா அண்ணி வீட்டு வாசலிலேயே மழையில் நனைந்து உப்பி, கடைசியில் அடுப்பெரிக்கப் போனது. தேக்கு!

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால்...

இந்தக் காலத்தில் பழைய சாமானைத் தேடிப்பிடித்துப் புதுசாக்குவதற்குப் பெரிய மரியாதை. என் மகள் கழித்துப்போட்ட ஒரே ஒரு நாற்காலிக்காக பெங்களூர் வரை போகிறாள். போன வாரம் நான் இரண்டு பழைய நாற்காலிக்குத் துணி மாற்றியதை வீடியோ எடுத்துப் போட்டாள். யார் யாரோ பாராட்டுகிறார்கள். காயலான் கடையில் எடுத்தது என்று முதல் வரியிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறாள்.

இவர் அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் அனுப்பி, “என் மனைவியின் கைவண்ணம். அந்தக் காலத்திலேயே இவள் இப்படித்தான்” என்று எழுதியிருக்கிறார். அண்ணி கைதட்டும் பொம்மை மூன்று போட்டிருக்கிறார்.

அந்தக் காலத்திலேயே இப்படித்தானாமே. அந்தக் காலத்தில் இவர் எப்படி என்று எழுதவில்லையே.

எனக்குக் கைதட்டு வேண்டாம். “பெங்களூர் ஷோரூம் என்று சொன்னது நான்” என்று அதே குரூப்பில் ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டேன். தமிழில் டைப் அடிக்க வரவில்லை என்று சாக்குச் சொன்னார். ‘கைவண்ணம்’ என்று அடிக்க மட்டும் வந்ததாம். நானே அடித்து, போனை இவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அனுப்புகிற பட்டனை அழுத்தினால் போதும். மூன்று நாளாகிறது. இன்னும் அழுத்தவில்லை.