காலையில் குடித்தவனின் சாட்சி

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று சித்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் அங்கே கூடுவார்கள். என்னைப் பேசச் சொன்னதும், எங்கள் கிறிஸ்தவ சபையில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் பழக்கத்தில் எழுந்து நின்று, "குடிகாரனாயிருந்தேன், கர்த்தர் விடுவித்தார்" என்றேன்.

"கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்தியவர்.

"காலைல."

யாரும் சிரிக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"அதச் சொல்லுங்க. ஒக்காந்துக்கினே சொல்லலாம்."

எனக்குப் புரியவில்லை. சபையில் கெட்ட பழக்கத்தை விட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் சாட்சி. முடியாததை எங்கிருந்து தொடங்குவது? உட்காரவும் தோன்றாமல் நின்றேன்.

"காலைல எதுக்குக் குடிச்சீங்க?"

"இங்க வர்றதுக்குத் தைரியம் வேணுமே" என்றேன்.

ஆமாமென்று எல்லாத் தலைகளும் ஆடின.