குமிழுக்கு வைத்த பொட்டு

சத்திரசிகிச்சை செய்பவர் கையைக் கழுவிக் கையுறை போட்டுவிட்டால், அதன் பிறகு அவரால் உலகத்தில் அநேகமாக எதையும் தொட முடியாது. நோயாளியை வெட்டலாம், தைக்கலாம். தன் மூக்கைச் சொறிய முடியாது. பக்கத்திலே திரையில் நோயாளியின் ஸ்கான் படங்கள் இருக்கும். அவருடைய காலை, பேக்கரிப் பாண் வெட்டுவதுபோல், மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். வேண்டிய துண்டுக்குப் போக வேண்டுமென்றால் மவுசைத் தொட வேண்டும். மவுசையோ ஊரெல்லாம் தொட்டிருக்கும். ஆகவே கை சும்மா இருக்கிற யாரையாவது கூப்பிட்டு அவர் சத்தம் போடுவார்.

"மேலை விடுங்கோ. இன்னும் மேலை. ஐயோ, கூடிப்போச்சு. கீழை. அதில்லை, அதுக்கு முந்தினது!"

இதற்கு ஒரு வழி பண்ணித் தரச்சொல்லி ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாடகை அறையில் மின்னணுக் கருவிகள் செய்கிறவன். உரும்பிராய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும், தண்ணீர் போதுமென்றதும் மோட்டரைத் தானாக நிறுத்தும் பெட்டி செய்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. அவருடைய வீட்டு மோட்டருக்கும் ஒன்று பூட்டியிருந்தேன். தொட்டி நிரம்பியதும் மோட்டர் நின்றது. அந்த ஒரே தகுதியில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போனேன்.

அவர் எனக்கும் வைத்தியர். என் வலது முழங்காலுக்குப் பின்னால், சின்ன வயதில், யுத்த காலத்தில், எறிகணை வெடித்துப் புகுந்த செல் துண்டு ஒன்று இருக்கிறது. என் வயதுக்காரர்களிடையே அது ஒரு விசேஷமே இல்லை. பேசாமல் கிடக்கும்வரை அதைத் தொடத் தேவையில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அதுவும் பேசாமல் கிடந்தது.

முதலில் கெமரா வைத்துப் பார்த்தேன். காற்றிலே கையை அசைத்தால் படம் நகரும். எதையும் தொடத் தேவையில்லை. வெளிநாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். வெளிநாட்டார் கையை ஆட்டாமல் கதைப்பார்கள் போலும். எங்கள் நிபுணர் தாதியிடம் கத்தரிக்கோல் கேட்டாலே படம் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு ஓடியது. ஏன் ஓடுகிறது என்று இரண்டு கையையும் விரித்து என்னைக் கேட்டார். திரும்பி இடுப்புக்கு வந்தது. அடுத்து காலால் மிதிக்கிற கட்டை ஒன்று செய்தேன். அங்கே ஏற்கெனவே இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவிக்கு ஒரு மிதிகட்டை இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லதல்ல என்பது எனக்கே விளங்கியது.

கடைசியில் கையாலேயே திருப்புகிற குமிழ் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். பழைய றேடியோவில் இருக்குமே, அப்படி. லேத்தில் கொடுத்து அலுமினியத்தில் கடைந்து எடுத்தேன். நோயாளியின் பக்கத்தில் அதைப் பூட்டி, கிருமி நீக்கிய பிளாஸ்ரிக் உறை ஒன்றால் மூடிவிட வேண்டும். உறைக்கு வெளியே சுத்தம். உள்ளே எப்படியும் இருக்கலாம். உறை போட்ட பிறகு, வேலை முடியும்வரை உள்ளே யாரும் கை வைக்கக்கூடாது. இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

கையுறை, அதற்கு மேல் பிளாஸ்ரிக் என்று இரண்டையும் தாண்டி விரலுக்கு எதுவும் தெரியாது. ஆகவே குமிழை விறைப்பாக்கினேன். ஒரு படம் நகர்ந்தால் ஒரு 'டிக்'. நிபுணருக்குப் பிடித்துக்கொண்டது. சத்தம் போடுவதை விட்டார். கூடத்தில் அப்படி ஓர் அமைதி வந்ததே என்று பலரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

பிரச்சினை நவராத்திரி முடிவில் வரும் வாணி விழாவோடு வந்தது. ஆஸ்பத்திரியில் பூசை முடிந்ததும், கூடத்துக்குப் பொறுப்பான மூத்த தாதி சந்தனக் கிண்ணத்தோடு வந்து எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்தார். என் குமிழுக்கும் வைத்தார். விழா முடிந்தபின் மற்ற இயந்திரங்களை விட்டுவிட்டார். புதுச் சாமான் என்ற பரிவிலோ என்னவோ, குமிழுக்கு மட்டும் தினமும் காலையில் உறை போடுமுன் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். சந்தனம் காய்ந்து தூளாகி உள்ளே இறங்கியது. ஒரு நாள் குமிழ் ஓரிடத்தில் டிக் என்னாமல் சும்மா வழுக்கியது. கழற்றிப் பார்த்தேன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"மிஸ், இது சாமிப் படமில்லை. சத்திரசிகிச்சைச் சாமான். இதிலை சந்தனம் பூசலாமோ?"

"வெளியிலை பூசேல்லையே சேர்," என்றார் அவர். "உறைக்கு உள்ளுக்குத்தானே இருக்கு. உள்ளுக்கு எப்பிடியும் இருக்கலாம் எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள்."

நியாயம் மற்றவர் பக்கம் இருந்தால் எனக்குக் குரல் உயரும். உயர்த்தினேன். இனி வைக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் பலாலி வீதியில் பஸ்ஸால் இறங்கி அறைக்கு வந்து சேர்ந்தபோது, என் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன். வேறொருவரின் பாதத்தைக் கிள்ளியதுபோல் இருந்தது.

செல் துண்டு நகர்ந்து நரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார் நிபுணர். எடுக்காவிட்டால் பாதம் செத்துப்போகும். எடுக்கும்போது நரம்பில் பட்டாலும் அதேதான்.

"உம்மடை குமிழ் இருக்குத்தானே, பயப்பிடாதையும்," என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, என்னைக் குப்புறப் போட்டார்கள். விழித்துத்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், மூத்த தாதியின் இறப்பர்ச் செருப்பும்தான். கொஞ்ச நேரத்தில் கேட்கத் தொடங்கியது. டிக், டிக், டிக்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. பழைய காலமென்றால் "மேலை, கீழை" என்று அவர் கத்துவதைக் கேட்டு, என்ன நடக்கிறதென்று அங்கே நிற்கும் எல்லாருக்கும் விளங்கும். இப்போது அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு டிக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மனுசன் துண்டுவரை போனார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடி போய், கொஞ்சம் தாண்டி, இரண்டு டிக் பின்னால் வந்து, அங்கேயே நின்றார். நரம்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அது அந்தக் கூடத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பயந்தேன். செல் விழுந்த அன்றுகூட அப்படிப் பயந்ததாக ஞாபகம் இல்லை. அன்று எனக்கு விபரம் போதாது. மீண்டும் டிக், டிக். மீண்டும் நின்றது.

"மிஸ்," என்றேன் தரையைப் பார்த்து. "உதுக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

செருப்பு இரண்டும் அசையாமல் நின்றன. "இல்லை சேர். நீங்கள்தானே வேண்டாமெண்டியள்."

"இப்ப வைக்கேலாதோ?"

"உறை போட்டாச்சே சேர். இனி உள்ளுக்கு ஆரும் கை வைக்கக்கூடாது."

"ஆர் கதைக்கிறது?" என்றார் நிபுணர்.

"நோயாளி, சேர்."

"கதைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொன்னார். செருப்புகள் கொஞ்சம் கிட்ட வந்தன. அவருடைய கை என் தலையில் ஒரு தரம் பட்டு, அப்படியே இருந்தது. பிறகு மூன்று டிக், மெதுவாக, ஒரே பக்கமாக. அதோடு குமிழ் நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்துத் தட்டிலே ஏதோ இரும்பு விழுந்த சத்தம் கேட்டது.

பின்னேரம் விறைப்பு இறங்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். கட்டிலின் கடைசியில் வெள்ளைத் துணிக்குள் நின்ற பாதத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மூத்த தாதி வந்தார்.

"ஆட்டுங்கோ பாப்பம்."

பெருவிரல் ஆடியது. பக்கத்து விரல்களும் பின்னாலேயே ஆடின. சின்ன விரல் மட்டும் ஆடவில்லை. அது இன்றைக்கும் ஆடுவதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

தேறியதும் குமிழைப் புதிதாகச் செய்தேன். தூள் இறங்காமல் அடியில் ஒரு இறப்பர் வளையம் போட்டேன். தலையில், நடுவே, ஒரு விரல் நுனி அளவுக்குச் சிறு குழி ஒன்று கடையச் சொன்னேன். வரைபடத்தில் அதற்கு 'மையக் குறி' என்று பெயர் எழுதினேன்.

அதைப் பூட்டிய அன்று தாதி குனிந்து பார்த்தார்.

"இந்தக் குழி என்னத்துக்கு சேர்?"

"விரல் வழுக்காமல் இருக்க," என்றேன்.

"ஓம் சேர்," என்றார். போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். அவர் வைத்து முடிக்கும்வரை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.