கேலி ஒட்டாத படம்

படம் பார்ப்பதற்கு முன் விமர்சனம் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் வேறு என்ன வேலை? அந்த ஒரு படத்துக்கு மட்டும் படிக்காமல் விட்டேன். ஏதோ பனி தேசத்துப் புராணத்திலிருந்து எடுத்த சூப்பர்ஹீரோ கதை, சாமி சுத்தியலைச் சுழற்றினால் இடி இறங்கும். அண்ணிக்குச் சண்டைப் படம் பிடிக்குமே, போட்டுக் காட்டு என்று அண்ணன் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வள்ளூர் பவர் பிளான்டுக்கு ஷிப்ட் போய்விட்டான். அண்ணி எங்களோடு இருந்த கடைசி மழைக்காலம் அது.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். அவளிடம் சொல்லவில்லை. புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்று சொல்லி வைத்திருந்தோம். படத்தில் பார்த்தால், நாயகிக்கும் கேன்சர். முடிவு என்ன என்று ஃபோனில் தேடினேன். சாகிறாள். விமர்சகர்கள் எல்லோரும் ஒரே குறையைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் கிண்டல், இரண்டும் ஒட்டவில்லையாம். எனக்கும் அதே எரிச்சல்தான்.

"வேற எதனா போடவா அண்ணி? இத்த எல்லாரும் திட்டிக்கிறாங்க."

"இன்னாத்துக்கு?"

"சீக்காளிய வச்சிகினு காமெடி பண்றாங்களாம்."

"பண்ணட்டுமே. ரிமோட்ட அங்க வெய்யி."

கடைசி வரை ரசித்துப் பார்த்தாள். நான்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளாண்ட எல்லாரும் எப்பவும் போல பேசறாங்க" என்றாள். "நீ என்னாண்ட அப்டி பேசி எவ்ளோ நாளாவுது?"

எங்கள் பக்கம் நாத்தனார் அண்ணியைக் கேலி செய்வது உரிமை. கல்யாணப் பந்தலிலேயே ஆரம்பித்துவிடும். கொழுந்தன், மாமன் மகன் என்று முறை உள்ள யாரும் அவளை விட்டதில்லை, அவளும் சும்மா விட்டவள் இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் மரியாதை என்று தோன்றியது.

"நீங்க சொல்லலன்னா எனுக்குத் தெரியாதா? கேலி பண்றத நிறுத்தினீங்க பாரு, அன்னிக்கே தெரிஞ்சிகினேன்."

அழுகையை அடக்க முடியவில்லை எனக்கு.

"அழுவாத. எதனா சொல்லு, எப்பவும் போல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "உன் கொறட்டைய கேட்டா அந்த சுத்தியல்காரன் வேலைய வுட்டுட்டு ஓடிப்பூடுவான் அண்ணி."

"உங்க அண்ணன் கொறட்டைக்கு அவன் ஊரையே காலி பண்ணிகினு போவான்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சத்தம் தெருவரைக்கும் போயிருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"இன்னாம்மா, டாக்டரு போன் பண்ணாரா? நல்லாயிடும்னு சொல்லிட்டாரா?"